சர்க்கார் மரம்: ஒரு முள்ளின் 150 வருஷக் கதை

கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்குப் போயிருக்கீங்களா சொந்தங்களே? போகாதவங்க ஒரு தடவை போயிட்டு வாங்க. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கியிருக்கிறார்கள். ஏனோ முடிக்காமல் விட்டுவிட்டார்கள். ஆனால் இன்றைய பதிவு கோயிலைப் பற்றி இல்லை. கோயிலைப் பார்த்துவிட்டு, சமணர் சிற்பங்கள் இருக்கிற பக்கம் நடந்து, மலை மேல நின்று சுற்றி ஒரு பார்வை பாருங்கள். சித்திரை வெயிலில் போனால் இன்னும் நல்லது.

கரிசல் வெடித்துக் கிடக்கும். பருத்தி எடுத்து முடிந்திருக்கும், சோளத்தட்டை அறுத்து முடிந்திருக்கும். அந்த நேரத்திலும் கண்மாய்க்குள்ளே, ஓடைக்கரையில், ரோட்டோரத்தில், தரிசில் திட்டுத் திட்டாகப் பச்சை தெரியும். பனையும் வேம்பும் கொஞ்சம் இருக்கும். மிச்சப் பச்சை பெரும்பாலும் ஒரே மரம்தான்.

சீமைக் கருவேலம். வேலிக்கருவை, வேலிகாத்தான்னு ஊருக்கு ஒரு பேர்.

"டாக்டர் எதுக்கு மரத்தைப் பத்தி எழுதுறார்?" என்று கேட்பீங்க. கரிசல் பக்கத்து அரசு மருத்துவமனை ஓபியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் கேட்க மாட்டீங்க.

"எய்யா, கால்ல முள்ளு ஏறிட்டு."

"எப்ப பாட்டி?"

"அது ஆச்சு பதினஞ்சு நாளு. பிடுங்கிப் போட்டுட்டேன். வீக்கம் மட்டும் வத்தல."

பிடுங்கினது பாதி. நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும். எக்ஸ்ரே எடுத்தால் ஊசி தெரியும், ஆணி தெரியும், முள் பெரும்பாலும் தெரியாது. மரத்துண்டு எக்ஸ்ரேக்கு அகப்படாது. ஸ்கேன் வைத்துத்தான் தேடணும். மூட்டுப் பக்கம் குத்தியிருந்தால் மாசக்கணக்கில் வீங்கி வீங்கி வத்தும். சர்க்கரை நோயாளியாக இருந்து, காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் குத்தினதே தெரியாது. சீழ் நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் கவனிப்பார்கள். இதில் எருக்கம்பால் வைப்பது, ஊக்கை வைத்துக் குடைவது வேறு. தயவுசெய்து ரெண்டையும் செய்யாதீங்க. எருக்கம்பால் கையோடு கண்ணில் பட்டால் அது தனிக் கதை.

சரி, முள்ளை விடுவோம். மரத்துக்கு வருவோம்.

இந்த மரம் எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் ஒரு கதை ரெடியாக இருக்கும். "காமராஜர் காலத்துல ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டு வந்தாங்க. ஹெலிகாப்டர்ல தூவுனாங்க." இதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. 1950களிலும் 60களிலும் விறகுத் தட்டுப்பாட்டுக்காக இந்த மரம் தமிழ்நாட்டில் ஊக்கமாகப் பரப்பப்பட்டது. ஆனால் மரத்தின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் பக்கம். ஆஸ்திரேலியாவுக்கும் நம்மைப் போலவே வந்தேறி, அங்கேயும் தலைவலி. அது இந்த மண்ணுக்கு வந்ததும் காமராஜர் பிறப்பதற்கு முன்னால்.

1876க்குப் போகணும்.

அந்த வருஷம் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓட ஆரம்பிக்கிறது. கரிசலுக்கு நடுவே தண்டவாளம். சென்னை மாகாணத்து ரயில் எஞ்சின்கள் அந்தக் காலத்தில் நிறைய விறகு எரித்தன. நிலக்கரி தூரத்திலிருந்து வரணும், காசு அதிகம். தண்டவாளம் போன பக்கமெல்லாம் காடு மொட்டையானது. அதே 1876இல் மழை பொய்க்கிறது. தாது வருஷப் பஞ்சம். 1878 வரை நீடித்து, தென்னிந்தியாவில் லட்சக்கணக்கில் சனங்களைக் கொண்டுபோன பஞ்சம்.

அந்த நேரத்தில் சென்னை மாகாண வனத்துறையில் உயர் அதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். தாவரம், பாம்பு, தவளை எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற பவளப்பாம்பு ஒன்றுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். விஷயம் தெரியாத ஆள் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதைச் சொல்கிறேன். அவர் 1876இல் கோட்டைக்குக் கடிதம் எழுதுகிறார், இந்த மரத்தின் நல்ல விதை வேண்டும் என்று. விதை வருகிறது. கடப்பை மாவட்டத்தில் ஊன்றுகிறார்கள். அதே 1877 வாக்கில் சிந்துப் பகுதியிலும் ஊன்றுகிறார்கள்.

மொட்டையாகிப் போன, மழையில்லாத பூமிக்கு ஒரு வன அதிகாரி எப்படிப்பட்ட மரத்தைத் தேடுவார்? தண்ணி ஊற்றாமல் வரணும். உவர் மண்ணிலும் வரணும். ஆடு மாடு இலையைக் கடிக்கக் கூடாது. சீக்கிரம் வளரணும். வெட்டினால் மறுபடியும் தழைக்கணும். நின்று எரியணும்.

அத்தனைக்கும் இந்த மரம் பொருந்தியது.

இன்றைக்கு நாம் இந்த மரத்தின் மேல் வைக்கிற புகார்களை எடுத்துப் பாருங்கள். தண்ணியே இல்லாமல் வருது. எந்த மண்ணிலும் வருது. ஆடு கூட இலையைத் தின்ன மாட்டேங்குது. வெட்ட வெட்ட வருது. அதே பட்டியல்தான்! மரம் ஏமாற்றவில்லை. கேட்டதைக் கொடுத்தது, நிறுத்தச் சொன்னபோது நிற்கவில்லை. நிறுத்துவது எப்படி என்று கேட்டவர்களும் யோசிக்கவில்லை.

இதன் பங்காளி ஒன்று நம்ம ஊரிலேயே இருக்கு. வன்னி. கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும். அதுவும் வறட்சி தாங்கும். ஆனால் மெதுவாக வளரும், இலையை ஆடு தின்னும். அவசரத்தில் இருப்பவர்கள் வன்னியைத் தேட மாட்டார்கள்.

இந்த மரத்துக்கு ஊர் ஊராக வைத்த பெயர்களே ஒரு சரித்திரம். தெலுங்கில் இதற்கு 'சர்க்கார் தும்மா' என்று ஒரு பெயர். அதாவது அரசாங்கக் கருவேலம். யார் கொண்டு வந்தது என்பதைச் சனங்கள் பெயரிலேயே பதிந்து வைத்துவிட்டார்கள். ராஜஸ்தானில் 'விலாயதி பபுல்', சீமைக் கருவேலமேதான். ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் இதை ராஜாவின் மரமாக அறிவித்து, சனங்களை நடச் சொன்னது (நம்ம பிள்ளையார் உட்கார்ந்திருக்கிற அரசமரத்தோடு குழப்பிக்காதீங்க). குஜராத்தில் 'காண்டோ பாவல்', பைத்தியக்காரக் கருவேலம். எத்தியோப்பியாவின் அஃபார் மேய்ச்சல்காரர்கள், அப்போது ஆட்சியிலிருந்த கட்சியின் பட்டப்பெயரான 'வொயானே' என்பதையே மரத்துக்கு வைத்தார்கள். போகவே மாட்டேங்குது என்கிற கடுப்பு.

இப்போது முக்கியமான இடம். 1877க்கும் 1950க்கும் நடுவில் எழுபது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்த எழுபது வருஷமும் இந்த மரத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் புலம்பவில்லை. அங்கங்கே வேலியாக நின்றது, விறகாக எரிந்தது. நல்ல பிள்ளை. எழுபது வருஷம் ஒழுங்காக இருந்த மரத்தை இன்னும் கொஞ்சம் பரப்பினால் இன்னும் கொஞ்சம் விறகு கிடைக்கும் என்று நினைத்தது முட்டாள்தனமா? இல்லை. நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

விறகும் கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. கேஸ் அடுப்பு வராத காலத்தில் கரிசல் வீட்டுப் பெண்கள் சுள்ளி பொறுக்க எத்தனை மைல் நடந்தார்கள் என்று வீட்டில் பெரியவங்களைக் கேளுங்கள். இந்த மரம் அந்த நடையைக் குறைத்தது. மழை பொய்த்த வருஷத்தில் கூலி இல்லாதவனுக்குக் கரிமூட்டம் போட விறகு கொடுத்தது. விளாத்திகுளம் பக்கமும் ராமநாதபுரம் பக்கமும் எத்தனையோ வீட்டில் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினது இந்தக் கரிதான்.

அப்புறம் என்ன ஆச்சு?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இது நான் புரிவதற்காகப் போடுகிற கற்பனைக் கணக்கு, எந்தக் கண்மாயின் அளவும் இல்லை. 100 ஏக்கர் கண்மாய். ஒரு ஏக்கரில் மரம் நிற்கிறது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மடங்கு ஆகிறது என்று வைங்க. ஆறு வருஷத்தில் 4 ஏக்கர். யாரும் கண்டுக்க மாட்டார்கள். ஒன்பது வருஷத்தில் 8. "ஏதோ ஓரத்துல கிடக்கு." பதினஞ்சு வருஷத்தில் 32. அப்பவும் மூணில் ரெண்டு பங்கு கண்மாய் காலியாகத்தான் இருக்கு. பதினெட்டாம் வருஷம் 64. இருபத்தோராம் வருஷம் வருவதற்குள்ளேயே கண்மாய் முழுக்க மரம். பதினஞ்சு வருஷம் சும்மா கிடந்தது, ஆறு வருஷத்தில் எல்லாம் போயிட்டு என்றுதான் ஊர் பேசும். உண்மையில் மரம் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே வேகத்தில்தான் பெருகியது. நம்ம கண்ணுக்குத்தான் பதினஞ்சு வருஷம் தெரியவில்லை. கொரோனா முதல் அலையில் "நம்ம மாவட்டத்துல நாலு கேஸ்தானே" என்று பேசினோமே, அந்தக் கண்தான் இதுவும்.

நம்ம மூளை நேர்கோட்டுக் கணக்குக்குப் பழகியது. ஒரு படி அரிசிக்கு இத்தனை பேர் சாப்பிட்டால் ரெண்டு படிக்கு ரெண்டு மடங்கு பேர். சந்தைக்கு இந்தக் கணக்கு போதும். உயிருள்ள எதற்கும் போதாது. வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடோயின் மாத்திரை இதற்கு நல்ல உதாரணம். ஓர் அளவு வரைக்கும் மாத்திரையைக் கூட்டக் கூட்ட ரத்தத்தில் அதற்கேற்ற மாதிரி ஏறும். அதன் பிறகு அதை உடைக்கிற கல்லீரல் நொதி நிரம்பிவிடும். அப்போது கூட்டினது கொஞ்சம்தான், ரத்தத்தில் ஏறுவது எக்கச்சக்கம். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று தள்ளாடிக்கொண்டு, கண் ஆடிக்கொண்டு வருவார். அதனால்தான் "நீங்களா மாத்திரையைக் கூட்டாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறோம்.

அளவு விஷயத்தில் இந்த மரத்தின் காயே அப்படித்தான். மஞ்சளாக, இனிப்பாக இருக்கும். ஆடு மாடு ஆசையாகத் தின்னும். தீவனத்தோடு கொஞ்சம் கலந்தால் நல்ல சத்து. மாதக்கணக்கில் அதுவே முக்கியத் தீவனமானால் அதிலிருக்கிற நச்சு மூளைத்தண்டில் இருக்கிற நரம்பு செல்களைக் கெடுத்து, தாடைத் தசைகள் சூம்பிப் போகும். தலையை ஒரு பக்கம் சாய்த்து மென்று, வாயிலிருந்து இரை ஒழுகும். பிரேசிலில் இதற்கு 'காரா தோர்த்தா' என்று பெயர், கோணமூஞ்சி. சர்க்கரை அதிகமான காய், பல்லையும் விடாது. கென்யாவில் பாரிங்கோ பகுதி மேய்ச்சல்காரர்கள், இந்த மரத்தைக் கொண்டு வந்ததற்காக அரசின் மேலேயே வழக்குப் போட்டு, பல் போன ஆடு ஒன்றைச் சாட்சியாகக் கொண்டு போனார்கள். 2006இல் தொடுத்த வழக்கு. 1980களில் விறகுக்காக நட்ட மரம்தான் அங்கேயும்.

திரும்பக் கரிசலுக்கு வருவோம். மரம் பெருகுவதற்கு மரம் மட்டும் காரணமில்லை. இதைத்தான் இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

விதைக்கு மேலே கல் மாதிரி ஓடு. தானாக முளைப்பது கஷ்டம். ஆட்டு வயிற்றிலும் மாட்டு வயிற்றிலும் போய் ஓடு இளகி, சாணியோடு, அதாவது எருவோடு, வெளியே விழும். மானாவாரி விவசாயம் கட்டுப்படியாகாத வீட்டில் என்ன செய்வார்கள்? நாலு ஆடு வாங்குவார்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆலைக்கும் வேலைக்குப் போவார்கள். நிலம் ஒரு வருஷம் தரிசு. உழுகிற நிலத்தில் இந்த மரம் வர முடியாது, கலப்பை வேரோடு புரட்டிவிடும். தரிசில் ஆடு மேயும், விதை விழும், முளைக்கும். மூணு வருஷம் கழித்து "மழை நல்லா இருக்கு, இந்த வருஷம் உளுந்து போடலாம்" என்று நினைக்கிறவர் காட்டுக்குப் போய்ப் பார்த்தால் முள்ளுக்காடு. சுத்தம் பண்ண ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை. ஒரு வருஷ வெள்ளாமையில் அந்தக் காசு வராது. சரி, கிடக்கட்டும். இன்னொரு வருஷம் தரிசு. தரிசினால் மரம், மரத்தினால் தரிசு. புதருக்குள் காட்டுப்பன்றி குடியேறும், பக்கத்து நிலத்து மக்காச்சோளத்தை உழப்பும், பக்கத்து நிலத்துக்காரரும் வெறுத்துப் போய்த் தரிசு போடுவார்.

கண்மாயிலும் இப்படித்தான். குடிமராமத்து வழக்கம் தேய்ந்தது. கண்மாய்க்குள் முளைத்தது. ஆடுகள் காய் பொறுக்க அங்கேயே போனது. வரத்துக்கால் அடைத்தது, தண்ணி வருவது குறைந்தது, தண்ணி நிற்காத கண்மாயில் மரம் இன்னும் சுகமாக வந்தது. கேஸ் அடுப்பு வீட்டுக்கு வந்ததும் சுள்ளி வெட்டுவது குறைந்தது. பெண்களின் நுரையீரலுக்கு அது பெரிய விடுதலை, எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் தினம் ஒரு கட்டு வெட்டி மரத்தைப் புதராக வைத்திருந்த அரிவாளும் அதோடு நின்றது.

இதில் எது குற்றவாளி? ஆடா, தீப்பெட்டியா, கேஸா, வனத்துறையா? தனித்தனியாக எடுத்தால் எதுவுமே தப்பில்லை. எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் என்கிற பொறியாளர் 1971இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். பல காரணங்கள் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கிற அமைப்பில், நமக்கு வெளிப்படையாகத் தெரிகிற இடத்தில் கை வைத்தால் பெரும்பாலும் எதிர்பார்த்ததற்கு மாறாகத்தான் நடக்கும் என்பது அவர் வாதம். அவர் நகரங்களைப் பற்றிப் பேசினார். கரிசலுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கு.

குஜராத்தில் கட்ச் பக்கம் பன்னி என்று ஒரு புல்வெளி. ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்று. ரண் பகுதியின் உப்பு உள்ளே வராமல் தடுக்க 1961இல் வனத்துறை சுமார் 31,550 ஹெக்டேரில் இந்த மரத்தை நட்டது. இன்றைக்குப் புல்வெளியில் ஏறக்குறையப் பாதி இந்த மரம். அங்கே எருமை வளர்ப்பவர்கள் புல்லைத் தேடி அலைகிறார்கள்.

இனி வாட்ஸப் விஷயத்துக்கு வர்றேன். வருஷா வருஷம் கோடையில் எனக்கு வரும் ஃபார்வர்டு: "இந்த மரம் ஆக்சிஜன் விடாது, கார்பன் டை ஆக்சைடு மட்டும் விடும். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கும். நிழலில் கட்டின மாடு சினை பிடிக்காது. பறவை கூடு கட்டாது." பச்சை இலை இருக்கிற எந்த மரமும் பகலில் ஆக்சிஜன்தான் விடும், இதற்கு மட்டும் தனிச் சட்டம் கிடையாது. கரிசலுக்கு மழை வங்கக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது, அதை ஒரு முள்மரம் தடுக்க முடியாது. பறவையும் கூடு கட்டுகிறது, போய்ப் பாருங்கள். மாட்டுக்குச் சினை பிடிக்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உண்மையான குற்றப்பத்திரிகையே போதுமான அளவுக்கு இருக்கும்போது பொய் எதற்கு? வேர் ஆழமாகப் போகும். இதன் இனத்து மரம் ஒன்றின் வேர் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் பதிவாகியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மரத்தை அகற்றிய இடத்தில் நிலத்தடி நீர் மிச்சமானதை அளந்திருக்கிறார்கள். மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டும், சளி ஆஸ்துமா உள்ளவர்கள் கவனிக்கணும்.

அப்புறம் கொசு. இது எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் இந்த மரம் பரவிய கிராமங்கள் சிலவற்றில், மரத்தை வெட்டாமல் பூத்த கிளைகளை மட்டும் வெட்டினார்கள். 2017இல் வெளிவந்தது. மலேரியா கொசு பாதிக்கு மேல் குறைந்தது. ஏனென்றால் கொசுவுக்கு அன்றாடச் சாப்பாடு பூந்தேன் மாதிரியான இனிப்புதான். பெண் கொசு முட்டைக்காகத்தான் ரத்தம் குடிக்கும். வறண்ட நாட்டில் வருஷம் முழுக்கப் பூக்கிற மரம் கொசுவுக்குச் சத்திரம் மாதிரி.

இதில் அழகான கணக்கு ஒன்று இருக்கு. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் போய்த் தயாராக 12 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கொசு உயிரோடு இருந்தால்தான் நோயைப் பரப்பும். ஒரு நாளைக்கு 100 கொசுவில் 90 பிழைக்கிறது என்றால் 12 நாள் கழித்து 28 இருக்கும். சாப்பாடு குறைந்து 90 என்பது 80 ஆனால்? 12 நாள் கழித்து 28க்குப் பதில் 7 மட்டும். தினசரிப் பிழைப்பு ஒன்பதில் ஒரு பங்குதான் குறைந்தது, ஆபத்து நாலில் ஒன்றாகிவிட்டது. நேர்கோடில்லாத கணக்கு எப்போதும் நமக்கு எதிராகவே வேலை செய்யும் என்றில்லை. சரியான இடத்தில் தொட்டால் நமக்காகவும் வேலை செய்யும். மாலியில் கண்டது மாலிக் கொசுவுக்கு. அதை அப்படியே கோவில்பட்டிக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன்.

அப்போ எல்லாத்தையும் வெட்டிட வேண்டியதுதானே டாக்டர்?

வெட்டிப் பார்த்தோமே. 2017 தொடக்கத்தில், வைகோ தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்ற உத்தரவு போட்டது. ஊரெல்லாம் ஜேசிபி ஓடியது. கல்லூரிப் பிள்ளைகள் அரிவாளோடு வந்தார்கள். அதே வருஷம் சென்னையில் வேறொரு வழக்கில் இடைக்காலத் தடையும் வந்தது. அறிவியல்படி ஆராயாமல் ஒட்டுமொத்தமாக வெட்டலாமா என்பது அங்கே கேள்வி. தடை ஒரு பக்கம் இருக்கட்டும், தரையோடு வெட்டி விட்ட இடங்களை இப்போது போய்ப் பாருங்கள். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டு. அடிக்கட்டையில் தூங்குகிற மொட்டுகள் வெட்டினதும் எழுந்துவிட்டன. வெட்டினால் தழைக்கணும் என்று கேட்டுத்தானே வாங்கினோம்.

நுரையீரலில் இதற்கு ஒரு பாடம் இருக்கு. பிறந்த குழந்தையின் முதல் மூச்சுதான் கடினமான மூச்சு. சுருங்கி ஒட்டிக் கிடக்கிற காற்றறைகளைத் திறக்க நிறைய அழுத்தம் தேவை. திறந்த பிறகு, அதைத் திறந்தபடியே வைத்திருக்க அதைவிடக் குறைந்த அழுத்தம் போதும். பலூன் ஊதும்போது முதல் ஊது நினைவிருக்கா, அதேதான். போகிற வழி ஒன்று, திரும்புகிற வழி வேறு. அதனால்தான் குறைமாசக் குழந்தையின் நுரையீரல் ஒரு தடவை திறந்துவிட்டால் மறுபடி மூடிவிடாமல் பார்க்கப் படாத பாடு படுகிறோம்.

நிலமும் அப்படித்தான். பருத்தி விலை கொஞ்சம் விழுந்ததால் தரிசானது. அதே விலை திரும்ப ஏறினால் நிலம் திரும்ப வெள்ளாமைக்கு வருமா? வராது. நடுவில் முள்ளுக்காடு நிற்கிறது. ஜேசிபி காசு, அடிக்கட்டை பிடுங்கும் காசு, மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கிற விதைகள் முளைக்க முளைக்கப் பிடுங்குகிற கூலி, எல்லாம் சேர்த்து விலை அதைவிட எத்தனையோ மடங்கு ஏறணும். உள்ளே போனது இலவசம், வெளியே வர டிக்கெட்.

சரி, மரத்தைப் பயன்படுத்தியே ஒழிக்கலாம் என்கிறார்கள் சிலர். கரி சுடலாம், மின்சாரம் எடுக்கலாம், காயைத் தீவனமாக்கலாம். கேட்க நன்றாக இருக்கு. ஆனால் கரியால் பிழைப்பு நடக்கிற ஊரில் மரம் தீர்ந்துபோவதை யார் விரும்புவார்? வெட்டுவார்கள், மறுபடி தழைக்க விட்டுத்தான் வெட்டுவார்கள். அது அவர்கள் தப்பில்லை. ஒரே ராத்திரியில் மரத்தை ஒழித்தால் முதல் அடி விழுவதும் அவர்கள் வயிற்றில்தான். மூட்டம் போடுகிற புகையில் இருமிக்கொண்டு வருகிறவரிடம் "வேலையை விடுங்க" என்று சொல்வது எனக்கு எளிது. அடுத்த வேலை என்ன என்று அவர் கேட்டால் சீட்டில் எழுத மருந்தில்லை.

2022இல் தமிழக அரசு அயல் தாவர ஆக்கிரமிப்பைக் கையாளத் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அகற்றுவதோடு நில்லாமல் அந்த இடத்தைச் சூழலுக்கு ஏற்றபடி மீட்பதையும் சேர்த்துப் பேசுகிறது. நல்லது.

என் கருத்தைக் கேட்டால், அடர்ந்த காட்டில் போய் முதல் அரிவாளை வைக்க மாட்டேன். வரத்துக்கால், மடை, கண்மாயின் நீர் நிற்கிற பகுதி இவை முதலில், ஏனென்றால் தண்ணி நின்றால் அதுவே பாதி வேலையைச் செய்யும். அடுத்து, ஓரத்தில் புதிதாக நாலைந்து மரம் தெரிகிற நிலங்கள். அந்த 100 ஏக்கர் கணக்கில் 4 ஏக்கரில் இருக்கும்போது போகணும், 64இல் போகக் கூடாது. அப்புறம், அடுத்த மழைக்கு யார் உழுது விதைப்பார் என்று முடிவாகாத நிலத்தில் ஜேசிபியை இறக்குவது டீசலுக்குச் செலவு. வன்னி, வேம்பு, நாட்டுக் கருவேலம் நடுவதானாலும் சரி, மூணு வருஷம் பார்த்துக்க ஆள் யாரென்று முதலில் பெயர் எழுதிக்கணும்.

புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசல் களியாக இளகியிருக்கும். அப்போது ஒரு சாண் உயரக் கன்று கையால் இழுத்தாலே வேரோடு வரும். ஒரு வருஷம் விட்டால் மண்வெட்டி, மூணு வருஷம் விட்டால் ஜேசிபி. இந்த மழைக்கு உங்க காட்டுப் பக்கம் போகும்போது நாலு பிடுங்கிப் போட்டுட்டு வாங்க. செருப்பு போட்டுட்டுப் போங்க, ரப்பர் செருப்பை இந்த முள் துளைக்கும், கனமான அடி உள்ளதாகப் பாருங்க. குத்திட்டா அன்னைக்கே வாங்க. கடைசியா டிடி ஊசி எப்ப போட்டீங்கன்னு ஞாபகம் வச்சுட்டு வாங்க.